பாலத்தை எங்கிருந்து பார்ப்பது?

பயணக் கட்டுரை எழுதுகிறவர்களுக்குப் பாலம் என்றால் கொஞ்சம் திண்டாட்டம்தான். கோயில் என்றால் ஸ்தல புராணம் கைகொடுக்கும். மலை என்றால் மேகம் வந்து உதவும். அருவி என்றால் குளித்ததைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம். பாலத்தைப் பற்றி என்ன எழுதுவது? அதன் மேல் ஏறினோம், இறங்கினோம். நடந்தது அவ்வளவுதான். ஆகையால் அவர்கள் நீளத்தை எழுதுகிறார்கள், உயரத்தை எழுதுகிறார்கள், தூண்களை எண்ணி எழுதுகிறார்கள். பிறகு, "வெள்ளைக்காரன் கட்டியது, இன்னும் அசையாமல் நிற்கிறது!" என்று ஒரு பெருமூச்சு. கடைசியில் மெய்சிலிர்ப்பு.

இப்படிப்பட்ட கட்டுரை ஒன்றைத்தான் திருநெல்வேலியில் இருக்கும் என் நண்பர் கத்தரித்துத் தபாலில் அனுப்பியிருந்தார். நண்பர் பொதுப்பணித் துறையில் இஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். நாவல் படிப்பார். படித்துவிட்டு ஆசிரியருக்குத் தப்புத் தப்பாக எடுத்துக் காட்டுவார். கட்டுரை ஒரு விசேஷ மலரில் வந்தது. எழுதியவர் மூன்றே நாளில் தெற்குச் சீமையில் ஐந்து பாலங்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அதன் ஓரத்தில் நண்பர் சிவப்பு மையில் குறித்திருந்தார்: "இவர் ஐந்து பாலத்தின் மேலும் போயிருக்கிறார். ஒன்றையும் பார்க்கவில்லை. நீர் புறப்பட்டு வாரும்."

2025 ஜூன் மாதத்தில் போனேன். கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, அதே ஐந்து பாலங்களையும் இருவருமாகப் பார்த்தோம். ஆகவே இதை ஒரு மதிப்புரை என்றே வாசகர்கள் எடுத்துக்கொள்ளலாம். கட்டுரைக்கு மதிப்புரை எழுதப் புறப்பட்டேன். பாலங்களுக்கும் சேர்த்து எழுதும்படி ஆயிற்று. நடுவில் என் சொந்த நாவல் ஒன்றும் வந்து அகப்பட்டுக்கொண்டது.

*

முதலாவது, திருநெல்வேலியில் தாமிரபரணியின் மேல் இருக்கும் சுலோசன முதலியார் பாலம். பாளையங்கோட்டையையும் திருநெல்வேலியையும் சேர்ப்பது. 1843ல் திறந்தது. கட்டுரையாளர் இதற்கு ஆறு வரி ஒதுக்கியிருக்கிறார். பாலத்துக்கு ஏன் ஒரு முதலியாரின் பெயர் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. "ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து அற்புதம்" என்று எழுதி முடித்துவிட்டார்.

விஷயம் அப்படியில்லை. சுலோசன முதலியார் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார் உத்தியோகம் பார்த்தவர். ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்த காலம். பாலம் வேண்டும் என்று எல்லோரும் பேசினார்கள். பணம் யார் கொடுப்பது என்று வந்தபோது அவர் தம் கைப்பணத்தைக் கொடுத்தார். வீட்டு அம்மாள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தாள் என்றும் நெல்லையில் சொல்வார்கள். கதையாக இருந்தாலும், ஓர் ஊர் தன் பாலத்தைப் பற்றி இப்படி ஒரு கதையை விரும்பி வைத்துக்கொண்டிருக்கிறது என்பதே கவனிக்கத் தக்கது. லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து இதை அமைத்தார்கள் என்பதும் அந்த ஊரார் சொல்வதுதான். அந்த வாட்டர்லூ பாலம் 1817ல் திறந்து, 1930களில் இடிக்கப்பட்டுவிட்டது. இன்று லண்டனில் அதே பெயரில் இருப்பது வேறு பாலம். மூலம் போய்விட்டது, வழிநூல் தாமிரபரணியில் நிற்கிறது. 2023 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தையும் பார்த்துவிட்டு நிற்கிறது.

மாலையில் பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றோம். பஸ்களும் ஆட்டோக்களும் முதுகை உரசிக்கொண்டு போயின. நண்பர் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஓய், உம்ம நாவல்ல அந்தப் பையன் இந்தப் பாலத்துலதான நிக்கான்?"

"ஆமாம்."

"சூரியன் ஆத்துல முங்குறதைப் பாத்துக்கிட்டு அழுதான்னு எழுதியிருக்கீரு. எங்க, இப்பம் காட்டும் பாப்போம். எங்க முங்குது?"

பார்த்தேன். ஆறு தெற்கிலிருந்து வடக்கே போகிறது. பாலம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. சூரியன் சாலையின் கோடியில், சந்திப்புக் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தான். ஆற்றுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை.

எத்தனையோ தடவை அந்தப் பாலத்தின் மேல் போயிருக்கிறேன். நாவலில் நான்கு பக்கம் வர்ணித்திருக்கிறேன். சோகம் என்றால் அஸ்தமனம், அஸ்தமனம் என்றால் தண்ணீர் என்று பிற நாவல்களைப் படித்துப் பழகிய கை எழுதிவிட்டது. கண்ணை யாரும் கலந்துகொள்ளவில்லை. மலர்க் கட்டுரையாளரைக் குறை சொல்ல வந்தவன், அவருக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டியவனாகிவிட்டேன்.

"கீழ இறங்குவோம், வாரும்" என்றார் நண்பர்.

கோக்கிரகுளம் பக்கமாக ஆற்றில் இறங்கினோம். மேலே நிற்கும்போது அது ஒரு சாலை. கடை வீதியின் தொடர்ச்சி. கீழே வந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் பாலம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. பதினொரு வளைவுகள். பிற்காலத்தில் அகலப்படுத்திச் சேர்த்த பகுதியும் உண்டு. ஆனால் பழைய வளைவுகள் எவை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வளைவு என்பது ஒரு விசித்திரமான ஏற்பாடு. அதிலுள்ள ஒவ்வொரு கல்லும் கீழே விழத்தான் பார்க்கிறது. பக்கத்துக் கல் இடம் கொடுப்பதில்லை. எல்லாக் கற்களும் ஒரே சமயத்தில் விழப் பார்ப்பதால் ஒன்றும் விழுவதில்லை. நமது பழைய கூட்டுக் குடும்பங்கள் பலவும் இந்த முறையில்தான் நின்றன. வளைவு கட்டி முடியும் வரையில் அடியில் மர அச்சு வைத்துத் தாங்கவேண்டும். நடுக்கல் ஏறிய பிறகு அச்சை எடுத்துவிடலாம். அந்த மரத்தை யார் அறுத்தார்கள், யார் தண்ணீருக்குள் நின்று கட்டினார்கள் என்பதெல்லாம் கல்வெட்டில் ஏறுவதில்லை.

*

இந்த இடத்தில் வேறொரு பதினொரு வளைவுப் பாலத்தைச் சொல்லவேண்டும். பாஸ்னியாவில் விசெக்ராட் என்ற சிற்றூரில் டிரினா நதியின் மேல் இருப்பது அது. துருக்கிய சாம்ராஜ்யத்தின் மந்திரி மெஹ்மத் பாஷா சோகோலோவிச் 16ஆம் நூற்றாண்டில் கட்டுவித்தது. அந்தப் பாலத்தையே கதாநாயகனாக வைத்து இவோ ஆண்ட்ரிச் எழுதிய 'டிரினா நதியின் மேல் பாலம்' 1945ல் வெளிவந்தது. 1961ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நாவலின் பெருமை எதில் இருக்கிறது? பாலத்தின் நீளத்தில் இல்லை. பாலம் வருவதற்கு முன் அந்தத் துறையில் என்ன நடந்தது என்பதிலிருந்து ஆண்ட்ரிச் தொடங்குகிறார். பிடித்துக்கொண்டு போகப்படும் பிள்ளைகளின் தாய்மார்கள் படகுத் துறையோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் பெரியவனாகி மந்திரியான பிறகு, நெஞ்சில் கிடந்த அந்த வலிக்கு மருந்தாகப் பாலம் எழுப்புகிறான். அதன் பிறகு மூன்று நூற்றாண்டுக்கு மேல், பாலத்தின் நடுவில் அகன்றிருக்கும் மேடையில் ஊரார் உட்கார்ந்து பேசுகிறார்கள், சூதாடுகிறார்கள், காதலிக்கிறார்கள், சாகிறார்கள். 1914 யுத்தத்தில் பாலம் உடைவதோடு கதை முடிகிறது. படகில்லாத கரையில் ஒரு தாய் நின்றாள் என்பது தெரிந்த பிறகு, எத்தனை வளைவு என்ற கணக்குக்கும் உயிர் வந்துவிடுகிறது.

நம்மிடம் நதியைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. பாலம் என்ற சொல்லும் நம்மிடம் ஏராளமாகப் புழங்குகிறது. மேடையேறினால் 'உறவுப் பாலம்', கல்யாணப் பத்திரிகையில் 'அன்புப் பாலம்', பாராட்டு விழாவில் 'தலைமுறைகளுக்கிடையே ஒரு பாலம்'. இப்படி உவமையாகவே சுமந்து சுமந்து, கல்லும் இரும்புமாக நிற்கும் பாலத்தை நாம் பார்ப்பதை விட்டுவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம். சுலோசன முதலியார் பாலத்திலும் ஒரு படகுத்துறை இருந்தது. பணம் கொடுத்த ஒரு மனிதர் இருந்தார். 180 வருஷத்துக்கு மேல் ஜனங்கள் நடந்திருக்கிறார்கள். ஒரு நாவலுக்கு வேறென்ன வேண்டும்? நான் அங்கே ஒரு பையனைக் கொண்டுபோய் நிறுத்தித் தவறான திசையில் பார்க்கச் சொன்னேன்.

*

மறுநாள் செங்கோட்டை வழியாக ஆரியங்காவு கணவாயில் ஏறிக் கேரளத்துக்குள் இறங்கினோம். கழுதுருட்டி அருகே பதின்மூன்று வளைவுகளுடன் ஒரு ரயில் பாலம். 1904ல் இந்த வழியே கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் மீட்டர் கேஜ் ரயில் ஓட ஆரம்பித்தபோது வந்தது. அகல ரயில் பாதையாக மாற்றுவதற்காகப் போக்குவரத்தை நிறுத்தி, 2018ல் மறுபடி திறந்தார்கள். பழைய வளைவுகளின் மேலேயே இன்று ரயில் போகிறது.

இந்த ஒரு பாலத்தைப் பற்றி மட்டும் கட்டுரையாளர் நன்றாக எழுதியிருக்கிறார். காரணம் சுலபம். சாலை பாலத்துக்குக் கீழே பக்கவாட்டில் ஓடுகிறது. காரில் போகிறவன் வேண்டாமென்றாலும் நிமிர்ந்து பார்த்துத்தான் ஆகவேண்டும். கண் தானாக வேலை செய்துவிட்டது, பேனாவும் ஒத்துழைத்தது.

புனலூரில் கல்லடையாற்றின் மேல் இருக்கும் தொங்கு பாலம் வேறு ஜாதி. 1877ல் ஆல்பர்ட் ஹென்றி என்ற இஞ்சினீயர் கட்டி முடித்தது. இதற்கும் 'வெள்ளைக்காரன் கட்டியது' என்று ஒரே வரியில் முத்திரை குத்தியாயிற்று. அப்போது ராஜ்யம் திருவிதாங்கூர் மகாராஜாவுடையது. வேலை நடந்த காலத்தில் திவானாக இருந்தவர் ஏ. சேஷையா சாஸ்திரி. தஞ்சாவூர்ச் சீமைக்காரர், பின்னால் புதுக்கோட்டைக்கும் திவானாகப் போனவர். மலைக்கு இந்தப் பக்கத்துச் சரக்கும் அந்தப் பக்கத்துச் சரக்கும் ஆற்றங்கரையில் வந்து நின்றுவிடக் கூடாது என்பதுதான் பாலத்தின் நியாயம்.

வளைவில் கல் கல்லைத் தள்ளுகிறது. தொங்கு பாலத்தில் எல்லாம் இழுப்பு. கரையில் கல் தூண்கள். அவற்றின் மேலாகப் போகிற இரும்புச் சங்கிலி. சங்கிலியில் தொங்குகிறது மரப் பலகைத் தளம். சங்கிலியின் நுனி எங்கே போகிறது? கரையில் கிணறு மாதிரித் தோண்டிய ஆழத்தில் பூட்டியிருக்கிறார்கள். நண்பர் அந்தக் கிணற்றருகே என்னை நிறுத்தினார்.

"எல்லாரும் சங்கிலியைப் படம் எடுக்கான். பாலம் இங்கதான் ஓய் இருக்கு. இந்தப் பிடி விட்டா அவ்வளவும் ஆத்துல."

கட்டுரையில் யானைக் கதை ஒன்று வருகிறது. பாலம் முடிந்ததும் யானைகளை வரிசையாக மேலே நடக்கவிட்டு, இஞ்சினீயர் தம் குடும்பத்தோடு பாலத்துக்கு அடியில் படகில் போய்க் காட்டினாராம். கட்டுரையாளர் இதைச் சரித்திரமாகவே எழுதி மெய்சிலிர்த்திருக்கிறார். நடந்ததா என்பது ஒரு புறம் இருக்கட்டும். இந்த மாதிரிக் காட்சி பிற தேசத்திலும் உண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்து ஈட்ஸ் பாலத்தை 1874ல் திறப்பதற்குச் சற்று முன், ஜனங்களின் நம்பிக்கைக்காக யானையை நடத்திக் காட்டினார்கள். அப்படியானால் கேட்கவேண்டிய கேள்வி என்ன? யானை எத்தனை என்பதா? ஜனங்கள் எவ்வளவு பயந்திருந்தால் யானை தேவைப்பட்டிருக்கும் என்பதல்லவா! தூணே இல்லாமல் ஆற்றின் நடுவே அசைகிற ஒரு தளத்தில் முதல் முதலாகக் கால் வைத்தவனின் மனசு அந்தக் கதையில் பத்திரமாக இருக்கிறது. தார்ண்டன் வைல்டர் 1927ல் எழுதிய நாவல், பெரு தேசத்துக் கயிற்றுப் பாலம் ஒன்று அறுந்து ஐந்து பேர் விழுவதில் ஆரம்பிக்கிறது. அதுவும் இந்தப் பயத்தின் வித்துத்தான். கதையைச் சரித்திரம் என்று நம்புகிறவனும், பொய் என்று தள்ளுகிறவனும் இதைத் தவறவிடுகிறார்கள்.

இப்போது வண்டிகளுக்குப் பக்கத்தில் கான்கிரீட் பாலம் இருக்கிறது. பழையது பாதுகாக்கப்பட்ட சின்னம். நடந்து போகிறவர்களுக்கு மட்டும். இங்கேதான் எங்களுக்குள் சண்டை வந்தது. பாரம் தாங்காத பாலத்தைப் பாலம் என்று சொல்லக் கூடாது என்பது நண்பர் கட்சி. பழைய இரும்பை வண்ணம் பூசி வைத்துக்கொண்டு கும்பிடுவது இஞ்சினீயர் வேலையில்லை என்றார். அழகானதை இடிக்க எவனுக்கு மனம் வரும் என்பது என் கட்சி. இரண்டு பேரும் உரக்கப் பேசிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் பலகைகள் தடதடக்க எங்களைத் தாண்டி ஓடினார்கள். அவர்களைத் தொடர்ந்து ஓர் அம்மாள் காய்கறிப் பையோடு நிதானமாகப் போனாள். அந்தப் பக்கம் அவளுக்கு வீடு இருந்திருக்கும். நண்பர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நடக்கிறதும் பாரம்தான்" என்றார். அன்றைக்கு அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை.

*

மாத்தூர் தொட்டிப் பாலத்தைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். 115 அடி உயரம், 28 தூண்கள், குளிர்ந்த காற்று, பச்சைப் பசேல், அன்னாசிப் பழம். எல்லாம் உண்மை. ஒன்றே ஒன்று விட்டுப்போயிற்று. தண்ணீர்.

மாத்தூரில் ஆற்றைக் கடப்பது மனிதன் அல்லவே! பறளியாறு பள்ளத்தில் ஓடுகிறது. தண்ணீர் வேண்டிய வயல்களோ எதிர்ப் பக்கத்து மேட்டில் இருக்கின்றன. ஒரு குன்றின் உயரத்தில் வருகிற வாய்க்கால், பள்ளத்தில் இறங்கினால் மறுபடி ஏறாது. ஆகையால் அந்த உயரத்திலேயே, ஆற்றுக்கு மேலே, கான்கிரீட் தொட்டி வழியாக மறு குன்றுக்குக் கொண்டுபோனார்கள். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்துத் திட்டம், 1966ல் முடிந்தது. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956ல். அதற்குப் பத்து வருஷத்தில் இந்தத் தண்ணீர் பாலம் வந்திருக்கிறது. 'வெள்ளைக்காரன் கட்டியது இன்னும் நிற்கிறது' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இங்கே என்ன விடுவார்கள் என்று தெரியவில்லை. கட்டுரையாளர் கட்டிய வருஷத்தையே சொல்லாமல் தாண்டிவிட்டார்.

மேலே தொட்டியை ஒட்டி நடைபாதை. சுற்றுலா வந்த கூட்டம் கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போயிற்று, வந்தது. எல்லோருடைய முதுகும் தொட்டிப் பக்கம். நாங்கள் படிகளில் இறங்கி ஆற்றங்கரைக்கு வந்தோம். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் தலைசுற்றுகிறது. தூண்கள் ஒன்றன் பின் ஒன்றாக மரங்களுக்கு மேலே போய் நிற்கின்றன. ஓர் அலங்காரம் இல்லை. ஒரு பூவேலை இல்லை. தேவைக்கு மேல் ஒரு கைப்பிடிச் சிமெண்டு செலவழிக்கக் கூடாது என்று சங்கற்பம் செய்துகொண்டு கட்டியது போல் இருக்கிறது. வறண்ட காலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற காரியத்தில் பூவேலைக்குப் பணம் ஏது? அந்தச் சிக்கனமே அதற்கு ஒரு கம்பீரத்தைக் கொடுத்திருக்கிறது. எழுத்திலும் இப்படி எழுத முடிந்தவர்கள் சிலர் உண்டு. அவர்களைப் படிக்கும்போதும் கழுத்து இப்படித்தான் நிமிர்கிறது.

கரையில் அன்னாசிப் பழம் நறுக்கி விற்றுக்கொண்டிருந்த பெரியவர் எங்களை விசாரித்தார். நண்பர் இஞ்சினீயர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"எல்லாரும் வந்து போட்டோ எடுக்காவ. நல்லா இருக்குன்னு சொல்லுதாவ. தொட்டியில தண்ணி எம்புட்டு வருதுன்னு இதுவரைக்கும் ஒரு ஆளு கேட்டதில்ல, சார்."

நண்பர் மறுபடியும் அத்தனை படியும் ஏறினார். அவருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "முழங்கால் அளவு ஓடுது" என்று பெரியவரிடம் சொன்னார். அவருக்கு அது முன்பே தெரியும். இருந்தாலும் கேட்டுக்கொண்டார். பழத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஒரு பயணக் கட்டுரையை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்கு அகப்படவில்லை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று எழுதியவர் எட்டிப் பார்த்தாரா?

*

கடைசியாகப் பாம்பன்.

இங்கே கட்டுரையாளருக்கு ஒரு சமாதானம் சொல்லலாம். ராமேசுவரம் போகிறவர்களின் மனம் பாம்பன் வருவதற்கு முன்பே வேறொரு பாலத்தில் ஏறிவிடுகிறது. ராமர் கட்டிய சேது அது. சேது என்றாலே அணை, பாலம் என்றுதான் அர்த்தம். ராமநாதபுரம் அரசர்களுக்குச் சேதுபதி என்று பட்டம். பாலத்தின் பெயரால் ஒரு ராஜ வம்சமே ஆண்ட பூமி. அப்படிப்பட்ட இடத்தில் இரும்புப் பாலத்துக்கு மதிப்புக் கிடைப்பது கஷ்டம்தான்.

ஆனாலும் அதன் கதை லேசான கதையா? 1911ல் ஆரம்பித்து 1914 பிப்ரவரி 24ஆம் தேதி திறந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், முழுவதும் கடல். சென்னை எழும்பூரில் ஏறினவன் இதைக் கடந்து தனுஷ்கோடி போய், அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினான். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி போயிற்று. ஒரு பாசஞ்சர் ரயிலும் அதிலிருந்த அத்தனை பேரும் போனார்கள். பாலத்தின் பெரும் பகுதி பிய்ந்து கடலில் விழுந்தது. கப்பலுக்கு வழிவிட்டுத் திறக்கும் நடுப் பகுதி மட்டும் தப்பி நின்றது. இளம் இஞ்சினீயராக இருந்த ஈ. ஸ்ரீதரனிடம் பழுதுபார்க்கும் வேலையை ஒப்படைத்தார்கள். 46 நாளில் ரயில் ஓடியது. நம் கட்டுரையாளர் 1914ஐச் சொல்லி ஆச்சரியப்படுகிறார். 1964ஐச் சொல்லித் துக்கப்படுகிறார். இடையில் இருக்கும் 46 நாளை விட்டுவிட்டார். என்னைக் கேட்டால் பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதத் தகுந்த நாவல் அந்த 46 நாளுக்குள்தான் இருக்கிறது.

1988 அக்டோபர் 2ல் பக்கத்தில் சாலைப் பாலம் திறந்த பிறகு, வருகிறவர்கள் எல்லோரும் அதன் உச்சியில் காரை நிறுத்திவிட்டுக் குனிந்து ரயில் பாலத்தைப் பார்க்கிறார்கள். உயரத்திலிருந்து பார்த்தால் எதுவும் பொம்மையாகிவிடும். நாங்களும் அங்கே பத்து நிமிஷம் நின்று, காற்று மூக்குக் கண்ணாடியைப் பறிக்கப் பார்த்ததும் மீனவர்களின் கரைக்கு இறங்கினோம்.

அங்கிருந்து இரண்டு ரயில் பாலங்களும் தெரிந்தன. பழையதில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. புதியது 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தது. புதிய பாலத்தின் நடுப் பகுதி மின்சாரத்தால் நேராக மேலே எழும்புகிறது. பழையதில் இரண்டு இறக்கைகள்; ஷெர்சர் என்பவர் பெயரால் வழங்கும் அமைப்பு. எதிர் எடை ஒரு பக்கம் இறங்க, பாலம் மறு பக்கம் ஏறும். நம் ஊர்க் கிணற்று ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இத்தனை பெரிய இரும்பை ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறந்தார்கள். கப்பல் போனதும் அதே கைகள் மறுபடி சுற்றி மூடின. நூறு வருஷம் இப்படி நடந்தது.

புனலூர் விவாதம் ஞாபகத்துக்கு வந்தது. "இதை என்ன செய்யலாம்? உம்முடைய கட்சிப்படி பிரித்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். நண்பர் உடனே பதில் சொல்லவில்லை. வலையைச் சீர்பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், தூண்களின் அடியில் நீரோட்டம் எப்படி என்று விசாரித்தார். அவர் எந்த மாதத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதைத் தூண் தூணாகச் சொன்னார். அந்தப் பாலத்தைப் பற்றி நான் கேட்டவற்றுள் மிகச் சிறந்த விமரிசனம் அதுதான்.

திரும்பி வந்த நண்பர் சொன்னார்: "கடல் காத்து தின்ன இரும்பை அப்படியே வச்சிருக்க முடியாது ஓய். அது சரித்திரம் இல்ல, ஆபத்து. ஆனா திறக்கிற பகுதி இருக்கு பாரும், அதைக் கழத்திக் கரையில நிறுத்தணும். பூட்டி வைக்கப்படாது. வார பிள்ளைய கையால சுத்தணும். சுத்தினா அது ஏறணும். எவ்வளவு பாரத்தை எப்படி ஒரு மனுசன் தூக்கினான்னு கைக்குத் தெரியணும். பித்தளைப் பலகையில எழுதிவச்சா யாருக்குத் தெரியும்?"

எனக்கு இதைவிட நல்ல யோசனை தோன்றவில்லை. பழைய பாலங்களைக் காப்பாற்றுவது என்றால் கம்பி வேலி போட்டு விளக்கு அலங்காரம் செய்வது என்று நாம் நினைக்கிறோம். புனலூரில் காய்கறிப் பையோடு போன அம்மாளும், பாம்பனில் சக்கரம் சுற்றப்போகும் பிள்ளையும்தான் பாலத்தைக் காப்பாற்றுகிறவர்கள். ஏதாவது ஒரு பாரம், சிறியதானாலும், அதன் மேல் இருக்கவேண்டும்.

*

மலர்க் கட்டுரையாளரிடம் எனக்குக் கோபம் எதுவும் இப்போது இல்லை. அவர் எழுதியிராவிட்டால் நான் புறப்பட்டிருக்க மாட்டேன். அவருக்குச் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். அடுத்த தடவை எண்களை எழுதும்போது அந்த எண் யாருக்கு அவசியப்பட்டது என்பதையும் எழுதட்டும். பாலம் இல்லாத நாளில் அந்தக் கரையில் யார் காத்துக்கொண்டு நின்றார்கள் என்று விசாரிக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் வண்டியை நிறுத்திக் கீழே இறங்கட்டும். பாலத்தின் மேல் நிற்கிறவனுக்கு ஆறு தெரியும், ஆகாயம் தெரியும், தன் சோகம்கூடத் தெரியும். பாலம் மட்டும் தெரியாது.

இதே புத்திமதி எனக்கும் சேர்ந்ததுதான். என் நாவல் மறுபதிப்பு வருமானால் சூரியன் சந்திப்புப் பக்கம், சாலையின் கோடியில் அஸ்தமிப்பான் என்று நண்பருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பையனையும் ஆற்றுக்குள் இறக்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பதினொரு வளைவுகளையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டானானால், அழுவதற்கு அவனுக்கு அவ்வளவு நேரம் இருக்காது.